மதர்போர்டை மாற்றினால் எஃப்.பி.எஸ். ஏறும் என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

கடந்த மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், என் கேமிங் கணினியின் வேகம் கூடும் என்ற உறுதியின் பேரில், புதிய மதர்போர்டுக்கு 13,400 ரூபாயும் பொருத்துகூலியாக 1,000 ரூபாயும் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தபோது கணினி முன்பு இருந்ததைவிட மெதுவாக ஓடியது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே தெருவில் ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். 2020-இல் இந்தக் கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தவரும் அங்கேதான் கடை வைத்திருந்தார், அவர் கட்டிக் கொடுத்த பெட்டியில் இத்தனை ஆண்டுகளாக ஒரு திருகுகூடத் தளரவில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை இவை: ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 3200 வேகத்தில் ஓடக்கூடிய 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. சைபர்பங்க் 2077 விளையாட்டில் அதற்குள்ளேயே இருக்கும் சோதனையை 1080பி காட்சித் துல்லியத்தில், நடுத்தர அமைப்பில் ஓட்டினால் சராசரியாக 51 எஃப்.பி.எஸ். (ஒரு நொடியில் திரையில் வரும் காட்சிச் சட்டங்களின் எண்ணிக்கை) வந்தது. அதை 70-க்கு மேல் கொண்டுபோக முடியுமா என்று கேட்கத்தான் கடைக்குப் போனேன். மதர்போர்டு வாங்கும் எண்ணமே எனக்கு இல்லை.

கடைக்காரர் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “போர்டு ஜென் 3 சார், கார்டோட முழு பவரும் வெளிய வரல. பி550 போட்டீங்கன்னா ஜென் 4. இருபது எஃப்.பி.எஸ். சும்மா ஏறும்” என்றார். எந்த விளையாட்டு, எந்த அமைப்பு, திரை என்ன அளவு என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை; கணினியை மின்சாரத்தில் இணைக்கவும் இல்லை. நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதியதைப் போன்ற அந்த வேகம் அப்போதே என்னை உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ‘ஜென் 3’, ‘ஜென் 4’ என்ற சொற்களில் ஏதோ விஷயம் இருப்பதாக நம்பி, தலையை ஆட்டிவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் அது ஏமாற்றாகத் தெரியவில்லை. கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் பாதையின் தலைமுறையைத்தான் அவர் ‘ஜென்’ என்றார். பி450 போர்டின் கார்டு ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தான், 2020-இல் வந்த பி550, ரைசன் 3600 போன்ற ப்ராசஸருடன் சேரும்போது 4.0 தருகிறது, வழியின் அகலம் இரட்டிப்பாகிறது என்பதும் சரி. ஆனால் 2019-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரே ஒரு 3.0 கார்டு. அதை எந்த ஸ்லாட்டில் செருகினாலும் 3.0 வேகத்தில்தான் பேசும். மடை அதே அளவில் இருக்கும்போது வாய்க்காலை அகலப்படுத்தி என்ன பயன்? தவிர, விளையாட்டின் ஒவ்வொரு காட்சிச் சட்டத்தையும் கணக்கிட்டு வரைவது ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்தான். மதர்போர்டு அவற்றுக்கு மின்சாரமும் இணைப்பும் தருகிறது, அவ்வளவே. ஒரே ப்ராசஸர் ஒரே வேகத்திலும், ஒரே ரேம் ஒரே அமைப்பிலும் ஓடினால், இரண்டு நல்ல போர்டுகளுக்கு இடையே விளையாட்டில் தெரியும் வேறுபாடு சோதனைப் பிழைக்குள் அடங்கிவிடும்.

இனி, வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. சைபர்பங்க் சோதனையில் 49 வந்தது. சரி, இரண்டு எஃப்.பி.எஸ். எதனாலும் குறையலாம் என்று விட்டுவிட்டு, வேலரண்ட் திறந்தேன். வழக்கமாக 230-ஐ ஒட்டி ஓடும் விளையாட்டு 170-ஐத் தாண்ட மறுத்தது. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைப் பார்த்தால் ரேமின் வேகம் 2400 என்று காட்டியது. கணினியை அணைத்து, கண்ணாடியைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தபோது, இரண்டு ரேம்களும் ப்ராசஸருக்கு அருகிலுள்ள முதல் இரண்டு ஸ்லாட்டுகளில் ஒட்டினாற்போல் அடுத்தடுத்து நின்றன. போர்டிலேயே ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. இரண்டு ரேம் மட்டும் இருந்தால் அவை ஏ2, பி2 என்னும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் இருக்க வேண்டும் என்று போர்டுடன் வந்த கையேட்டில் படமே போட்டிருக்கிறது. அந்தக் கையேடு உறை பிரிக்கப்படாமல் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது.

அடுத்தடுத்து செருகியதால் இரண்டு ரேமும் ஒரே சேனலில் சிக்கிக்கொண்டன. அதாவது ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை பாதியாகிவிட்டது. அதற்கு மேல், புதிய போர்டின் பயாஸில், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளில், எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை யாரும் இயக்கவில்லை. அதை இயக்காவிட்டால் 3200 என்று விலை கொடுத்து வாங்கிய ரேம் அதன் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். சில நிறுவனங்களின் போர்டுகளில் இதற்கு டி.ஓ.சி.பி. என்று பெயர், பெயர் எதுவானாலும் போர்டு மாற்றியவுடன் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ரேமை இடம் மாற்றி, எக்ஸ்.எம்.பி.-யை இயக்கி மறுபடி ஓட்டினேன். வேலரண்ட் 230-க்குத் திரும்பியது. சைபர்பங்க் மீண்டும் 51. மொத்தம் 14,400 ரூபாய்க்கு நான் அடைந்த முன்னேற்றம் சுழியம்.

அன்று இரவே, கடைக்குப் போகும் முன்பு செய்திருக்க வேண்டிய சோதனையையும் செய்தேன். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள், விளையாடும்போதே திரையின் ஓரத்தில் கார்டும் ப்ராசஸரும் எவ்வளவு உழைக்கின்றன என்று காட்டும். சைபர்பங்கில் கார்டின் பயன்பாடு 98, 99 விழுக்காட்டில் ஆணியடித்தாற்போல் நின்றது. காட்சித் துல்லியத்தை 720பி-க்கு இறக்கியதும் எஃப்.பி.எஸ். தாவி ஏறியது. கார்டுதான் தடை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. துல்லியத்தைக் குறைத்தும் எண்ணிக்கை அசையவில்லை என்றால் ப்ராசஸரையோ ரேமையோ சந்தேகிக்கலாம். ப்ராசஸரின் மொத்தப் பயன்பாடு 50 விழுக்காடு என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ப்ராசஸருக்குள் பல கோர்கள், அதாவது கணக்கிடும் அலகுகள், இருக்கின்றன; அவற்றில் ஒரே ஒரு கோர் திணறிக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது மறைந்துபோகும்.

மறுநாள் கடைக்குப் போனேன். “போர்டு நல்லாத்தானே ஓடுது? டிஃபெக்ட் இல்லாம ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்” என்பது பதில். இருபது எஃப்.பி.எஸ். ஏறும் என்று சொன்னீர்களே என்றதற்கு, “கார்டும் மாத்தினா ஏறும்” என்றார். பழைய போர்டையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் 1,200 ரூபாய் கழித்துத்தான் 13,400 வாங்கியதாகவும், அது மறுநாள் காலையிலேயே கைமாறிவிட்டதாகவும் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. பயாஸை மட்டும் புதுப்பித்தால் அந்தப் பழைய பி450 போர்டே ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை தாங்கும் என்று பிறகுதான் அறிந்தேன். 2022-இல் வந்த அந்த ப்ராசஸர் விளையாட்டுக்கென்றே பெயர் பெற்றது. ப்ராசஸரை மாற்ற நினைத்திருந்தாலும் போர்டைத் தொட வேண்டியிருக்காது.

இன்னொரு செலவையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என்னுடையது விண்டோஸின் ஓ.இ.எம். உரிமம், அதாவது கணினியோடு சேர்த்து விற்கப்படும் வகை; அது மதர்போர்டோடு பிணைந்தது. போர்டு போனதும், ஆக்டிவேட் செய்யுமாறு கேட்கும் மங்கலான எழுத்து திரையின் வலது மூலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

போர்டு மாற்றுவது எப்போதுமே வீண் என்று நான் சொல்லவில்லை. எட்டு கோர், பன்னிரண்டு கோர் ப்ராசஸரை, மின்சுற்றின் மேல் வெப்பத்தகடுகூட இல்லாத மலிவு போர்டில் வைத்திருப்பவருக்கு, சூடு ஏறியதும் வேகம் விழும். நம் ஊர் மே மாதத்தில் அது நன்றாகவே தெரியும். இன்டெலின் எச்410 போர்டில் பத்தாம் தலைமுறை ஐ5 வைத்திருந்தால் ரேம் 2666-ஐத் தாண்டாது. நான்கே லேன்கள் (தரவு செல்லும் தடங்கள்) கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டு 3.0 போர்டில் உண்மையாகவே இழப்பைக் காட்டும். இவற்றுள் எதுவும் என் கணினிக்குப் பொருந்தவில்லை. பொருந்துகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். பில் இருந்ததால் பதிய முடிந்தது, ஆனால் எஃப்.பி.எஸ். ஏறும் என்ற வாக்குறுதி வாய்ச்சொல்லாகவே இருந்தது, பில்லில் ‘போர்டு அப்கிரேட் – 1’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. மூன்று வாரம் கழித்துக் கடைக்காரர் ரேமைத் தவறாகப் பொருத்தியதை ஒப்புக்கொண்டு, பொருத்துகூலி 1,000 ரூபாயை மட்டும் யுபிஐ-யில் அனுப்பினார். மீதி 13,400-க்கு அவரிடமிருந்து பதில் இல்லை.