எஃப்1 உதவி: சிஎச்எம் கோப்பா, இணையப் பக்கமா?

விண்டோஸ் ஃபார்ம்ஸ் (மைக்ரோசாஃப்டின் டெஸ்க்டாப் செயலிக் கட்டமைப்பு) செயலியில் எஃப்1 தட்டினால் அந்தத் திரைக்கான உதவியே வர வேண்டும். அந்த உதவியை சிஎச்எம்மாகவும் (உதவிப் பக்கங்களை ஒரே கோப்பாகக் கம்பைல் செய்த வடிவம்) தரலாம், இணையப் பக்கமாகவும் தரலாம்.

இணையம்: சிஎச்எம்முக்குத் தேவையில்லை. இணையப் பக்கத்துக்குத் தேவை.

திருத்தம்: சிஎச்எம்மில் ஓர் எழுத்துப்பிழைக்கும் மறுபடி கம்பைல் செய்து எல்லோருக்கும் அனுப்பணும். பக்கத்தை ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

நிரல்: சிஎச்எம்முக்கு ஹெல்ப்புரொவைடர் என்ற உதவிக் கூறும் திரைக்கேற்ற தலைப்பு எண்ணும் வேண்டும். இணையப் பக்கத்துக்கு, எஃப்1 தட்டியதும் எழும் ஹெல்ப்ரிக்வெஸ்டட் நிகழ்வில் முகவரியைத் திறக்கலாம்.

சிஎச்எம்மை நெட்வொர்க் பகிர்விலிருந்து திறந்தால் தலைப்புகள் தெரியும், உதவியின் உள்ளடக்கம் வராது. மைக்ரோசாஃப்டின் 2005 பாதுகாப்புத் திருத்தத்தின் விளைவு அது. பயனரோ செயலி கெட்டுவிட்டதென்று பயந்துபோவார், பாவம்.

தமிழ்: சிஎச்எம்மின் பொருளடக்கமும் தேடலும் யூனிகோடுக்கு முந்தைய அமைப்பு; தமிழுக்கு ஒத்துவராது. இணையப் பக்கத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

நெட் இல்லாத தொழிற்கூடக் கணினி, ஆங்கில உதவி என்றால் சிஎச்எம். லோக்கல் டிஸ்கில் நிறுவுங்கள். அடிக்கடி மாறும் செயலிக்கும் தமிழ் உதவிக்கும் இணையப் பக்கம்தான்.