நாலு ஓவன், ஒரே படம்: க்னூபிளாட்டுடன் மூன்று மாதம்

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். எங்கள் பகுதியில் நாலு ரிஃப்ளோ ஓவன், அதாவது சோல்டரை (பற்றுலோகம்) உருக்கிப் பாகங்களை சர்க்யூட் பலகையில் ஒட்டவைக்கும் அடுப்பு. காலை ஏழு மணிக்கு வேலையை ஒப்படைக்கும்போது நாலின் வெப்பநிலை வரைபடத்தையும் பகல் ஷிஃப்ட் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாக வேண்டும். முன்பு எக்செலில் போட்டு நாலு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவேன். "தம்பி, இதுல மூணாவது ஓவன் எது?" என்று தினமும் கேட்பார்.

இப்போது க்னூபிளாட். 1986இல் வந்த, வரைபடம் போடும் மென்பொருள், இலவசம். பட்டன்களை நம்பிப் போகாதீர்கள், கட்டளை தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். ஆனால் பதினைந்து வரியை ஒரு முறை எழுதி வைத்தால் போதும், தினமும் அதையே ஓட்டலாம்.

நாலையும் ஒரே படத்தில் அடுக்குவது 'செட் மல்டிபிளாட் லேஅவுட் 2,2' என்ற ஒரே வரி. அதற்குப் பிறகு வரும் நாலு 'பிளாட்' கட்டளையும் தானாகக் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். வரிசைதான் முக்கியம். 'செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ' (படத்தைப் பிஎன்ஜி வகையில் எழுதச் சொல்வது), 'செட் அவுட்புட்' (எந்தக் கோப்பில் என்று சொல்வது) இரண்டும் மல்டிபிளாட்டுக்கு முன்பே வர வேண்டும். உள்ளே போனபின் டெர்மினலை மாற்ற விடாது. கடைசியில் 'அன்செட் மல்டிபிளாட்', 'அன்செட் அவுட்புட்'. முதல் வாரம் இந்த இரண்டையும் விட்டுவிட்டேன். கோப்பு இருந்தது, திறந்தால் படம் இல்லை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் வியர்த்துவிட்டது. அப்புறம் அளவு: சொல்லாவிட்டால் 640க்கு 480தான் வரும், நாலு வரைபடத்துக்கு எழுத்தெல்லாம் நெருக்கியடிக்கும். நான் 1600,1200 வைத்திருக்கிறேன்.

எனக்கு இதை விட முடியாமல் செய்தது வேறொன்று. 'செட் ஒய்ரேஞ்ச்' என்று மேலே ஒரு முறை 0 முதல் 260 வரை சொல்லிவிட்டால் நாலுக்கும் அதே அளவுகோல். எக்செலில் ஒவ்வொரு வரைபடமும் தன் இஷ்டத்துக்கு அளவுகோல் எடுத்துக்கொண்டதால் 236 டிகிரி உச்சியும் 245 டிகிரி உச்சியும் ஒரே உயரத்தில் தெரிந்தன. 217ஐ ஒரு நேர்கோடாகவும் எல்லாவற்றிலும் சேர்த்தேன். நாங்கள் பயன்படுத்தும் ஈயம் இல்லாத சோல்டர் உருகத் தொடங்கும் வெப்பநிலை அது. அந்தக் கோட்டுக்கு மேலே மூன்றாவது ஓவனின் மேடு மட்டும் ஒல்லியாக, குட்டையாக நின்றது. பக்கத்தில் மற்ற மூன்றும் இல்லாவிட்டால் கண்ணில் பட்டிருக்காது.

ஒரு குறை உண்டு. பழைய பதிப்புகளில், திரையில் பார்த்த மல்டிபிளாட்டை 'ரீபிளாட்' (மறுபடி வரை) செய்து கோப்பில் சேமிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். 6ஆம் பதிப்பில் அதற்கென்றே 'ரீமல்டிபிளாட்' வந்துவிட்டது, அதனால் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுங்கள்.

அன்று காலை அண்ணன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார் போல. எந்த ஓவன் என்று கேட்கவில்லை. "மூணாவதுக்கு ஆள் அனுப்பியாச்சு, நீ போய்த் தூங்கு" என்று பதில் வந்தது.