பால்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகலாமா?

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் முதலில் கேட்பது இதுதான்: "தெருமுனையில பால்வாடி இருக்குதே, பையனை அங்க விட்டுட்டுப் போயிரலாமுங்களா?" பலகையில் அங்கன்வாடி மையம் என்று இருக்கும், ஊர் வாயில் அது பால்வாடிதான். வருஷக்கணக்கில் அதைப் பயன்படுத்தியவர்கள் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்வதில்லை. அங்கே கிடைக்கும் நல்லது அவ்வளவு இருக்கிறது. ஆனால் ஒரு குறை மட்டும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை தீராது. அது அந்த மையத்தின் கடிகாரம்.

முதலில் சாப்பாடு. தமிழ்நாட்டு மையங்களில் திங்கள், புதன், வியாழன் முட்டை. செவ்வாய்க்கிழமை பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ, வெள்ளிக்கிழமை வேகவைத்த உருளைக்கிழங்கு. தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், பருப்பு சாதம் என்று சாதமும் நாளுக்கு நாள் மாறும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மையத்தின் வழியாக ஒரு நாளைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் போய்ச் சேரவேண்டும் என்பது 2023-ல் திருத்தும்வரை இருந்த விதி. ஒரு முட்டையிலேயே சுமார் 6 கிராம் புரதம் வந்துவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள், அந்தக் கணக்கில் ஏறக்குறைய பாதியை அந்த ஒற்றை முட்டை சுமக்கிறது.

அதைப் பிள்ளை சாப்பிடுகிறதா என்பதுதான் விஷயம். வெள்ளைக்கரு வழுக்கும், மஞ்சள்கரு தொண்டையில் அடைக்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முழு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும். கைப்பழக்கமுள்ள ஆயா என்ன செய்வார் தெரியுமா? மஞ்சள்கருவை மட்டும் எடுத்துச் சாதத்தோடு சேர்த்து நன்றாகப் பிசைவார். வெள்ளையை விரல் அகலத்துக்குக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் வைப்பார். "சாமி, வாயத் தொற" என்று முதல் நாலு வாய் ஊட்டுவார். மீதியைப் பிள்ளை தானே எடுத்துத் தின்னும். வீட்டில் முட்டையைத் தொடாத பிள்ளை பத்தே நாளில் அங்கே முழுசாகச் சாப்பிடும். பக்கத்துத் தட்டைப் பார்த்துத் தின்னுகிற பழக்கம் வீட்டில் வராது. சேர்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் போய் இந்தக் காட்சியைப் பாருங்கள். கட்டடத்துக்கு அடித்த பெயிண்டைவிட இது முக்கியம்.

அடுத்தது எடை. பால்வாடியில் மாதாமாதம் எடை பார்ப்பார்கள், தனியார் பள்ளியில் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை. பெண் குழந்தை ஒரு வயது முடியும்போது 7 கிலோவுக்குக் குறைந்தால் எடைக்குறைவு, ஆண் குழந்தைக்கு 7.7 கிலோ. ஆனால் ஒரு மாதத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் புள்ளி, சரியான எடையைக் காட்டும் பச்சைப் பகுதிக்குள்ளேயே இருந்தாலும் தொடர்ந்து இரண்டு மாதம் கோடு ஏறாமல் படுத்துக்கிடந்தால் கேட்கவேண்டும்.

தவறு நடக்கும் இடங்களும் தெரிந்தவைதான். தராசு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் பிள்ளையை ஏற்றுவார்கள். கொலுசு, ஸ்வெட்டர், நனைந்த ஜட்டியோடு நிறுப்பார்கள். உயரத்தை இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளக்கவேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து அளக்கவேண்டும். மாற்றி அளந்தால் 0.7 சென்டிமீட்டரைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உயரத்துக்கேற்ற எடை என்கிற கணக்கே பிசகிப்போகும். நல்ல பிள்ளை மெலிந்ததாகத் தெரியும், மெலிந்த பிள்ளை நல்லதாகத் தெரியும். 6 மாதத்துக்கு மேல் கைச்சுற்றளவு நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

மையத்தில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவைப் பலர் மாட்டுக்குக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள், மனசு கேட்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் நேரே கொட்டினால் கட்டி தட்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்துக் கிளறவேண்டும். வெல்லம் அதிலேயே இருக்கிறது, சர்க்கரை வேண்டாம். கரண்டியைச் சாய்த்தால் ஓடாத பதம் வேண்டும். தண்ணியாக இருந்தால் வயிறுதான் நிறையும், சத்து ஏறாது. குடிக்க மறுக்கும் பிள்ளைக்கு வெந்நீர் தெளித்துப் பிசைந்து கொழுக்கட்டையாக அவித்துக் கொடுக்கலாம்.

இந்த மாவை வாங்குவதில்தான் கடிகாரம் முதலில் உறுத்துகிறது. 2025 ஜூலை 1 முதல் போஷன் டிராக்கர் என்கிற அங்கன்வாடிப் பதிவுச் செயலியில் முகம் காட்டினால்தான் பாக்கெட். முன்பு மாமியார் போய் வாங்கி வந்துவிடுவார். இப்போது செயலியில் பதிந்திருப்பது தாயின் முகம் என்றால் தாயே வந்து நிற்கவேண்டும், அதுவும் மையம் திறந்திருக்கும் நேரத்தில். கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் பகல் பதினோரு மணிக்கு எப்படி வருவார்? அரை நாள் கூலி போகும், அது மாவின் விலையைவிட அதிகம். பதிவு செய்யும்போது ஓ.டி.பி. ஆதாரில் இணைத்த எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் கணவரின் போனிலோ, எப்போதோ தொலைந்த சிம்மிலோ இருக்கும். ஆகவே சேர்க்கும் முன் ஆதாரில் கைப்பேசி எண்ணைச் சரிசெய்துகொள்ளுங்கள். முகப்பதிவை வெளிச்சத்துக்கு முகம் காட்டி, வாசல்பக்கம் நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

மாவு மட்டுமல்ல, எல்லாமே இப்படித்தான். தடுப்பூசி நாள், எடை நாள், தாய்மார் கூட்டம் எல்லாம் வேலைநாளில், பகலில். அம்மா வீட்டில்தான் இருப்பார் என்று நினைத்துப் போட்ட திட்டம் இது. 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது வகுத்த ஆறு சேவைகளை எண்ணிப் பாருங்கள்: கூடுதல் ஊட்டச்சத்து, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, ஊட்டச்சத்துக் கல்வி. அம்மா வேலையிலிருந்து வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மாவும் எடையும் உண்டு, மையத்தில் விட்டுவிட்டுப் போக இடம் கிடையாது. மாலை நாலு மணிக்குள் பூட்டு விழுந்துவிடும். கம்பெனியில் ஒரு ஷிப்ட் முடியவே ஐந்தரை ஆகும், ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை. மே மாதம் கோடை விடுமுறை வேறு. பனியன் கம்பெனிக்கு மே மாதம் தெரியாது.

டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், அவ்வளவுதான். பதிவேடு, செயலி, வீடு வீடாகப் பார்வை, போதாததற்கு வாக்காளர் பட்டியல் வேலை. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதையே 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. அதே ஆளை இன்னும் மூன்று மணி நேரம் இரு என்பது அநியாயம். கூடுதல் ஆள் போட்டால்தான் நேரத்தை நீட்டமுடியும்.

அதற்கு வழி இல்லாமலும் இல்லை. 2022-ல் மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தின் கீழ் வந்த பால்னா திட்டம் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தச் சொல்கிறது. ஆறு மாதக் குழந்தையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், தனி ஆட்கள் உண்டு. உங்கள் வார்டு மையம் அந்தக் கணக்கில் வருகிறதா என்று வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கம்பெனியையும் விடவேண்டாம். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பறை வேண்டும் என்று, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வரும்வரை, 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் (1976 திருத்தத்தின்படி) இருந்தது. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் ஐம்பது ஊழியர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றதோடு, தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவரவும் உரிமை கொடுத்தது. வேலைக்குச் சேரும் அன்றே கேளுங்கள்.

இனி கேள்விக்கு வருவோம். வீட்டில் பாட்டியோ அத்தையோ இருந்தால், இரண்டு வயது முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். அந்தச் சாப்பாட்டுக்கும் எடை அட்டைக்கும் ஈடாகக் காசு கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காது. வீட்டில் ஆளில்லை, ஒன்றரை ஷிப்ட் போகவேண்டும் என்றால், இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் பதில் ஒன்றுதான்: இதை நம்பி வேலைக்குச் சேராதீர்கள். நாலு மணிக்கு அழைத்துப்போக ஒரு ஆளை முதலில் பிடியுங்கள். அவர் பெயரையும் போன் எண்ணையும் எழுதி, போட்டோ ஒட்டி டீச்சரிடம் கொடுங்கள். அவர் வராத நாளுக்கு இரண்டாவது ஆள் பெயரும் அதே தாளில் இருக்கட்டும். நாலு மணியிலிருந்து நீங்கள் வரும்வரை பிள்ளை எங்கே இருக்கும், என்ன சாப்பிடும், யார் பொறுப்பில் இருக்கும் என்பதை ஒரு வாரம் நேரில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கம்பெனியில் பெயர் கொடுங்கள்.