ஒளிரும் ஜிக் தூண்டில்: ஹம்போல்ட் கணவாய்க்குத் தாங்குமா?

பெரு முதல் மெக்சிகோ வரை ஹம்போல்ட் கணவாய் என்ற பெரிய கணவாய் இனத்தைப் பிடிக்கப் பயன்படும் பெரிய ரக ஜிக் இது. இருளில் ஒளிரும் நீள உடல், அடியில் குடைபோல் விரிந்த முள் வளையங்கள். ஒளி விரைவில் மங்கிவிடும். ஒவ்வொரு முறை இறக்கும் முன்பும் டார்ச் வெளிச்சம் காட்ட வேண்டும்.

பகலில் இக்கணவாய் 200 மீட்டருக்கும் கீழே கிடக்கும், இரவில்தான் மேலே இரைதேடி வரும். ஆகவே ஜிக்கின் முழுப் பயன் இரவில்தான். இரண்டு நீள உணர்கொம்புகள்தான் முதலில் பற்றும். அப்போது வெடுக்கென இழுத்தால் அவை அறுந்து, முள்ளில் சதைத்துண்டு மட்டும் மிஞ்சும். சீராகத் தூக்குங்கள், எட்டுக் கைகளும் வந்து சுற்றிக்கொள்ளும். முட்களுக்கு எதிர்முள் (கழன்றுவிடாமல் தடுக்கும் பின்நோக்கிய கூர்) இல்லாததால் தூண்டில் நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் கணவாய் போய்விடும். தாமதித்தாலும் நட்டம்: கூட்டாளிகளே அதைக் கடித்துத் தின்னும்.

குறை, சிறிய அளவு ஜிக்கில்தான். இந்த இனம் 50 கிலோ வரை வளரும். மெல்லிய முட்கள் நிமிர்ந்துவிடும். தடித்த எஃகு முள் உள்ளதையே வாங்குங்கள். கையுறையும் தேவை, கணவாயின் உறிஞ்சிகளில் பல் வளையம் உண்டு. படகில் ஏற்றும்போது கணவாய் நீரும் மையும் பீய்ச்சும் நீர்க்குழலை ஆளில்லாத பக்கம் திருப்பாவிட்டால் மை முகத்தில்தான்.