டோவரும் கேன்சஸும்: அறிவியல் பாடத்தில் யாருடைய சொல் செல்ல வேண்டும்?

பள்ளியில் எதைக் கற்பிப்பது என்பது உள்ளூர் மக்களின் உரிமை என்ற எண்ணம் அமெரிக்காவில் ஆழ வேரூன்றியது. அதனால் பரிணாமக் கொள்கை பற்றிய சச்சரவு எழும்போதெல்லாம், மக்கள் தேர்ந்தெடுத்த கல்வி வாரியத்தின் முடிவே இறுதியானதா, நீதிமன்றம் அதில் தலையிடலாமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. 2005ஆம் ஆண்டில் இரு வழிகளும் ஒரே காலத்தில் சோதனைக்கு உள்ளாயின.

கேன்சஸில் மாநிலக் கல்வி வாரியத்தின் பத்து உறுப்பினர்களும் தேர்தலில் வென்று வருபவர்கள். அந்த வாரியம் 1999 ஆகஸ்டில் 6-4 என்ற வாக்குகளில், அறிவியல் பாடத் தரநிலைகளிலிருந்து பரிணாமத்தின் பெரும்பகுதியை நீக்கியது. 2000இல் நடந்த தேர்தலுக்குப் பின் வந்த வாரியம் 2001இல் அதை மீட்டது. 2005 நவம்பரில் மீண்டும் பரிணாமத்தின் மீது ஐயம் எழுப்பும் தரநிலைகள் வந்தன. 2007 பிப்ரவரியில் அவையும் போயின. வாக்காளர்கள் தவற்றை இருமுறை திருத்தினார்கள் என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும் எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு முறை பாடம் மாறியது. பள்ளியில் உயிரியலின் அடிப்படையை ஒருமுறை மட்டுமே படிக்கும் மாணவரால் அடுத்த தேர்தல்வரை காத்திருக்க முடியாது.

பென்சில்வேனியாவின் டோவரில், பரிணாமத்துக்கு மாற்றாக, உயிர்களை ஓர் அறிவார்ந்த சக்தி வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்து உண்டு என்று ஒன்பதாம் வகுப்பில் ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும் என உள்ளூர் வாரியம் 2004இல் முடிவெடுத்தது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்ததால் நிர்வாகிகளே வகுப்புக்குச் சென்று வாசித்தார்கள். பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர்.

ஆறு வாரம் நடந்த அந்த விசாரணையில்தான் நீதிமன்றத்தின் தனி வலிமை தெரிந்தது. வாரியம் பரிந்துரைத்த துணைநூலின் பழைய வரைவுகள் அங்கே ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்தைப் பாடமாக்கும் லூசியானா சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்த பிறகு, 'கிரியேஷனிஸ்ட்ஸ்' (creationists, படைப்புவாதிகள்) என்ற சொல்லை அழித்து 'டிசைன் புரோபோனன்ட்ஸ்' (design proponents, வடிவமைப்பை ஆதரிப்போர்) என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல், 'சிடிசைன் புரோபோனன்ட்சிஸ்ட்ஸ்' (cdesign proponentsists) என்று இரண்டும் ஒட்டி நின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் எப்படித் தோன்றியது என்பதற்கு அறிவியலில் விடை இல்லை என்று சொன்ன, வாரியத் தரப்புச் சாட்சியான பேராசிரியர் மைக்கேல் பீஹியின் முன்னே, குறுக்கு விசாரணையில் 58 ஆய்வுக் கட்டுரைகளும் ஒன்பது நூல்களும் வைக்கப்பட்டன. அவையும் போதா என்றார் அவர். ஆவணங்களை வரவழைத்து, சத்தியப் பிரமாணத்தின்கீழ் கேள்வி கேட்கும் இந்த அதிகாரம் வாரியக் கூட்டங்களுக்குப் பொதுவாகக் கிடையாது. அதே ஆண்டு மே மாதம் கேன்சஸ் வாரியம் டொபீகாவில் நடத்திய விசாரணையில், பரிணாமத்தை ஏற்காத உறுப்பினர்கள் மூவரே கேட்பவர்களாக அமர்ந்தார்கள். அறிவியலாளர்கள் அதைப் புறக்கணித்தார்கள்.

டோவரில் தீர்ப்பு வருவதற்கு முன்பே, நவம்பர் 8 தேர்தலில் போட்டிக்கு வந்த எட்டு இடங்களிலும் பழைய உறுப்பினர்கள் தோற்றுவிட்டதால், நீதிமன்றம் தேவைப்படவே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அதற்கு முந்தைய ஆறு வாரங்கள் சாட்சியங்கள் நாள்தோறும் செய்தியாக வந்துகொண்டிருந்த ஊரில்தான் அந்த வாக்குகள் விழுந்தன.

நீதிமன்ற வழிக்கும் குறைகள் உண்டு. வழக்கில் தோற்ற டோவர் பள்ளி மாவட்டம் வழக்குச் செலவுக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. புதிய வாரியம் மேல்முறையீடு செய்யாததால் தீர்ப்பு பென்சில்வேனியாவின் நடு மாவட்டம் என்ற கூட்டாட்சி நீதிமன்ற எல்லையைத் தாண்டிக் கட்டுப்படுத்தவும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, அரசு மதத்தை நிலைநாட்டக் கூடாது என்னும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை மீறி மதம் உள்ளே வந்ததா என்பதை வைத்தே நீதிபதி தலையிட முடியும் என்பது. 1999இல் கேன்சஸ் செய்ததுபோல், மதத்தின் பேரைச் சொல்லாமல் பாடத்தை மெலியவைக்கும் வாரியத்தின்மீது வழக்காடி வெல்வது மிகக் கடினம். அங்கே வாக்குச்சீட்டைவிட்டால் வேறு வழி அநேகமாக இல்லை.

ஆகவே பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பு வாரியத்திடமே இருக்கட்டும். எல்லை மீறும்போது தடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்க வேண்டும். நீதிபதி ஜான் ஜோன்ஸின் 139 பக்கத் தீர்ப்பு டோவருக்குப் புதிய பாடத்திட்டம் எதையும் எழுதித் தரவில்லை. அறிவார்ந்த வடிவமைப்பைக் குறிப்பிடுமாறோ, பரிணாமத்தை இழிவுபடுத்துமாறோ ஆசிரியர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வாரியத்துக்குத் தடை விதித்ததோடு அது நின்றுகொண்டது.