காட்சிக்கூடமா, கைப்பேசியா?

பிள்ளைக்கு உயிரியலில் ஆர்வம் வர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதா, கண்ணில் படும் உயிரினத்தைப் படமெடுத்துப் பதிந்து, அது என்ன என்று கண்டறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் பழக்குவதா என்று பலர் குழம்புகிறார்கள்.

செலவு
அருங்காட்சியகம்: லண்டனிலும் வாஷிங்டனிலும் நுழைவு இலவசம்தான், போய்ச் சேருவதுதான் செலவு.
செயலி: காசில்லை.

பார்ப்பது
அருங்காட்சியகம்: லண்டன் அருங்காட்சியக மண்டபத்தில் 2017 முதல் 25 மீட்டர் நீலத்திமிங்கில எலும்புக்கூடு தொங்குகிறது. துடுப்பை உற்றுப் பாருங்கள்: உள்ளே நம் கையைப் போலவே விரலெலும்புகள்! எந்தத் திரையும் இந்த அளவையும் அதிர்ச்சியையும் தராது. ஆனால் அங்குள்ள சுமார் 8 கோடி மாதிரிகளில் பெரும்பாலானவை கிடங்கில்தான்.
செயலி: வாசல் சுவரில் ஊரும் பூச்சி. சின்னதுதான், ஆனால் உயிருள்ளது.

பங்கு
அருங்காட்சியகம்: பெரும்பாலும் பார்வையாளர்.
செயலி: தேதி, இடம், படம் மூன்றும் இருந்து, மற்றவர்களும் அடையாளத்தை ஒத்துக்கொண்டால் உங்கள் பதிவு ஆய்வுக்கே போகும். பட்டாம்பூச்சி என்றால் இறகின் அடிப்பக்கத்தையும் எடுங்கள். பல இனங்களைப் பிரிப்பது அதுதான். சின்னப் பிள்ளைக்கு, பயனர் கணக்கே தேவைப்படாத சீக் (Seek) செயலி போதும்; ஐநேச்சுரலிஸ்டின் எளிய வடிவம் அது.

உண்மையில் இரண்டும் எதிரிகள் அல்ல. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் எந்த நகரம் அதிக உயிரினங்களைப் பதிகிறது என்று பார்க்கும் நகர இயற்கைப் போட்டியை 2016-இல் தொடங்கியவையே கலிபோர்னியாவின் இரண்டு அருங்காட்சியகங்கள்தான்.

டைனோசர் பைத்தியம் என்றால் யோசிக்காமல் அருங்காட்சியகம். தினமும் பத்து நிமிடம் தோட்டத்தில் குனிந்து பார்க்கும் பிள்ளை என்றால் செயலி. இரண்டிலும் ஒட்டாத பிள்ளையா? சரி, முதலில் திமிங்கிலத்தைக் காட்டுங்கள்.