ஒழுங்கைத் தேத்தண்ணிக் கடை: வடைக்கு நாலு, வாய்ச்சண்டைக்கு அஞ்சு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடி ஒழுங்கையில நாலு வாங்கு போட்ட கடை. உழுந்து வடை மொறுமொறு எண்டு வரும். சம்பல் பின்னேரம் அஞ்சு மணிக்கே முடிஞ்சிடும். பிளேன்டீக்குச் சீனி குறைக்கச் சொன்னால் மறந்திடுவினம், அதுக்குத்தான் ஒரு நட்சத்திரம் வெட்டினனான்.

உண்மையில நான் போறது விவாதத்துக்கு. போன கிழமை ஒரு அண்ணை, "விருப்பு வாக்கை ஒழிச்சுப் பழைய தொகுதி முறைக்குப் போகவேணும்" எண்டு தொடங்கினார். விருப்பு வாக்கு எண்டால், கட்சிக்குப் போட்ட பிறகு அதே கட்சி வேட்பாளர் மூண்டு பேர் வரைக்கு அவையின்ர இலக்கத்தைக் குறிக்கிறது; தொகுதி முறை எண்டால், தொகுதியில கூட வாக்கு எடுத்தவர் வெல்லுறது. பாதி சம்மதம். வாக்கெண்ணும் மண்டபத்தில விடிய விடிய இருந்தவன் நான். கட்சி வாக்கு முடிஞ்ச பிறகு, ஒவ்வொரு சீட்டிலயும் மூண்டு இலக்கம் வரை தேடிக் குறிக்கவேணும், கண் பூத்துப்போகும். ஒரே கட்சிக்காரர் ஒருத்தரையொருத்தர் வெட்டுறதும் அந்த இலக்கத்தாலதான். ஆனால் 1977இல பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்கோட ஐக்கிய தேசியக் கட்சி 168இல 140 ஆசனம் எடுத்ததே, அதுவும் தொகுதி முறைதானே அண்ணை?

கல்லாவில இருந்த முதலாளி "கலப்பு முறை" எண்டார், தொகுதியும் கட்சி வாக்கு விகிதமும் சேர்ந்தது. நான் அதையும் விடேல்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலை அந்த முறையில நடத்த, உறுப்பினர் தொகை எண்ணாயிரத்தைத் தாண்டினது. மாகாண சபைக்கும் கலப்பு முறை எண்டு 2017இல சட்டத்தை மாத்திச்சினம். அதுக்கான புதுத் தொகுதிகளின்ர எல்லை நிர்ணய அறிக்கை அடுத்த வருசம் பாராளுமன்றத்தில தோத்து, தேர்தலே நிண்டுபோச்சு. முதலாளி பேசாமல் இன்னொரு தட்டு வடை அனுப்பினார்.

இஞ்ச பில் இல்லை. எத்தினை வடை எண்டு நாங்கள் சொல்லுறதுதான் கணக்கு. சில்லறை கொண்டு போங்கோ.